அத்தைக்கு எந்த இடம் நல்லது என்று கேட்டாய்

தம்பி,

இன்று காலை எழுந்ததும் பல்கூட விளக்காமல் நான் செய்த முதல் வேலை, நீ அனுப்பிய குரல் செய்தியை மறுபடியும் போட்டுக் கேட்டது. மூன்று நிமிடப் பேச்சு. அதில் பதினோரு தடவை அத்தை என்கிறாய். அம்மா என்பது ஒரே ஒரு தடவை, ஆரம்பத்தில், என்னைக் கூப்பிடுவதற்காக. எண்ணினாயா என்று சிரிக்காதே. எண்ணினேன். நாற்பத்தெட்டு வயதில், பட்டம் வாங்கிய ஒரு பெண், சமையலறை மேடையில் சாய்ந்துகொண்டு விரல் விட்டு எண்ணினேன்.

"அம்மா, தாத்தாவுக்காக நீ எல்லா எடமும் அலைஞ்சு பாத்திருக்க. அத்தைக்கு எது நல்லா இருக்கும்னு யோசிச்சு சொல்லேன். நீ சொன்னா அப்பிடியே பண்ணிடலாம்." இதுதான் நீ கேட்டது. நியாயமான கேள்வி. தியாகதுருகத்தில் தனியாக இருக்கும் உன் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பில் அறுவை சிகிச்சை முடிந்து, இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் நடக்கிறார். ஒரே மகள் நித்யா, உன்னோடு சென்னையில். இப்போது அம்மாவோடு வந்து இருக்கும் அவளுக்கு விடுப்பு தீரப் போகிறது. ஆகவே ஓர் இடம் வேண்டும். இதில் எனக்கு என்ன வருத்தம்?

எனக்கு வருத்தம் அந்தப் புகைப்படத்தில் தொடங்கியது. நித்யா வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸாக வைத்திருந்தாளே, உன் அத்தை வாக்கரோடு நிற்க, நீ முன்னால் பின்பக்கமாக நடந்து, குழந்தைக்கு நடை பழக்குவதுபோல் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நிற்கும் படம். அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். எனக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது நீ இரண்டு நாள் வந்தாய். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மடிக்கணினியில் வேலை செய்தாய். அத்தைக்குப் பத்து நாள் விடுப்பு. அப்போது உனக்குப் புது வேலை, விடுப்பு கிடையாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கணக்குப் பார்க்கிறது மனசு. அதை மறைத்துவிட்டு உனக்கு ஆலோசனை சொன்னால் அது நாணயமாக இருக்காது.

உண்மையைச் சொன்னால், போன வாரமே ஒரு பதில் எழுதிவிட்டேன். திருக்கோவிலூர் முதியோர் இல்லம்தான் சிறந்தது, காற்றோட்டம் உண்டு, நேரத்துக்குச் சாப்பாடு, பேச்சுத் துணைக்கு ஆள் என்று ஒரு பக்கம். படித்தால் ஒரு வரியில்கூடப் பொய் இல்லை. அனுப்பும் முன் நேற்று மறுபடி படித்தேன். அந்த ஒரு பக்கமும், உன் மாமியார் உன் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடக் கூடாதே என்று எழுதப்பட்ட பக்கம். அழித்தேன். இது இரண்டாவது கடிதம். நித்யாவிடம் காட்டு, அவள் அம்மாவிடம் காட்டு, குவைத்தில் இருக்கும் உன் தாய்மாமாவுக்கும் அனுப்பு. யார் படித்தாலும் சரி.

உன் தாத்தா நம் வீட்டில் இருந்த இரண்டு வருடமும் நீ கல்லூரி விடுதியில் இருந்தாய். உனக்குப் பாதிதான் தெரியும். என் அம்மா போன பிறகு, திருநாவலூருக்குப் பக்கத்தில் நம் ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு, கள்ளக்குறிச்சிக்கு அவரைக் கூட்டிவந்தேன். பெற்ற மகள் பார்ப்பதைவிட வேறு என்ன பராமரிப்பு வேண்டும் என்று நினைத்தேன். சர்க்கரை அளந்தேன், உப்பு அளந்தேன், நடக்கும் நிமிடங்களை அளந்தேன். அவரோ இரண்டு வருடமும் கட்டிலின் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தார், பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப் போல. ஒரு நாளாவது குளிர்சாதனப் பெட்டியைத் தானாகத் திறந்ததில்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூட, "மாப்ள இருக்காராம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்து வருவார். உன் அப்பா அவரை ஒரு சொல் சொன்னதில்லை. ஆனாலும் அது மருமகன் வீடு. பிள்ளைகள் வீட்டில் வைத்துப் பார்ப்பதில் உள்ள சங்கடம் இதுதான். பார்க்கிறவருக்கு அது வீடு. இருக்கிறவருக்கு அது விருந்து, முடியாத விருந்து.

எனக்கு அறுவை சிகிச்சை என்றதும் மூன்று மாதத்துக்கு அவரைத் திருக்கோவிலூர் இல்லத்தில் சேர்த்தேன். அழுதுகொண்டேதான் சேர்த்தேன். தையல் ஆறி, ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், கூடத்தின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண் தெரியாத நாலைந்து பேருக்குச் செய்தித்தாள் படித்துக்காட்டிக்கொண்டிருக்கிறார். நம் வீட்டில் யாரும் அவரைப் படிக்கச் சொன்னதில்லை. என்னைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றாமலே, "இது என் பொண்ணு, கள்ளக்குறிச்சில கீது" என்று பக்கத்து ஊர்க்காரியைப்போல் அறிமுகம் செய்தார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "சரிம்மா, சோத்துக்கு மணி அடிச்சிருவாங்க. லேட்டா போனா கொயம்பு தண்ணியாப் பூடும். நீ கெளம்பு." பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? ஒரு கட்டடத்தின்மேல் பொறாமைப்பட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். மூன்று மாதம் முடிந்த மறுநாளே கூட்டிவந்துவிட்டேன். இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறேன் என்றார். ஊர் என்ன சொல்லும் என்றேன். ஊர் ஒன்றும் சொல்லவில்லை.

இல்லத்தைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அங்கே தானாக எழுந்து நடக்கிறவர்களைத்தான் வைத்துக்கொள்வார்கள். படுத்துவிட்டால் நமக்குப் போன் வரும், கூட்டிப்போகச் சொல்வார்கள். அறைக்கு நாலு பேர், இரவில் எல்லோருக்குமாக ஓர் ஆள். இப்போதுதான் நடை பழகும் உன் அத்தையைச் சேர்ப்பதற்கு முன் இதை எழுத்தில் கேட்டு வாங்கு. நீ அனுப்பிய அந்தக் கோயம்புத்தூர் முதியோர் குடியிருப்பின் படங்களையும் பார்த்தேன். சாய்தளம், பிடிமானக் கம்பி, மணி அடித்தால் மருத்துவர். இடுப்புக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் அங்கே அவர் வெறும் ஒரு வீட்டு எண். தியாகதுருகத்தில் முப்பது வருடம் பாடம் நடத்தியவரை டீச்சர் என்று கூப்பிட அங்கே ஒருவர்கூட இல்லை. உன் சென்னை வீடு? லிஃப்ட் இல்லாத இரண்டாம் மாடி. நீங்கள் இருவரும் ஒன்பது மணிக்குப் போனால் வர ஏழாகும். அதை வீட்டில் வைத்துப் பார்ப்பது என்று சொல்லாதே. வைத்துப் பூட்டுவது. பொறாமையில் சொல்கிறேனா என்று பத்து முறை யோசித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். தரைத்தளத்தில் வீடு பார்த்து, பகலில் ஓர் ஆளும் வைக்க முடிந்தால், இந்த வரியை நானே அடித்துவிடுகிறேன்.

இனி நான் யாரிடமும் சொல்லாததற்கு வருகிறேன்.

இல்லத்திலிருந்து திரும்பி வந்த ஆறாவது மாதம் உன் தாத்தாவுக்கு நெஞ்சில் சளி கட்டி, மருத்துவர் கையை விரித்துவிட்டார். வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார். எந்த வீட்டுக்கு என்பதுதான் நம் ஆட்களிடம் கேள்வி. மூச்சு வாங்கிக்கொண்டே அவர் என் கையைப் பிடித்து, "பொண்ணு வூட்ல உசுரு போவக்கூடாதும்மா. புள்ள வூட்டு வாசல்லதான் எடுக்கணும்" என்றார். உன் மாமாவும் குவைத்திலிருந்து, "அக்கா, அப்பாவ நம்ப வூட்டுக்குக் கொண்டாந்துடு, நான் டிக்கெட் போட்டுக்கினு வந்துர்றேன்" என்றான். ஆக, சாவதற்காக ஒரு மனிதரைக் காரில் படுக்கவைத்து, பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்து, தூசி தட்டி, அவருடைய கட்டிலில் கிடத்தினோம். நாற்காலிகளுக்குக்கூடச் சொல்லிவைத்துவிட்டார்கள். அவர் மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார். அதன் பிறகு எட்டு மாதம் இருந்தார்.

அந்த எட்டு மாதத்துக்குக் காரணம் செல்லி. கல்வராயன் மலையிலிருந்து, வெள்ளிமலைப் பக்கத்து ஊர். தெரிந்தவர் மூலம் வந்தாள், கணவன் இல்லை, என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள். கூடவே தங்கிப் பார்த்துக்கொண்டாள். நான் வாரம் ஒருமுறை போவேன். மலையிலிருந்து சாமை கொண்டுவந்து சோறாக்கிப் போடுவாள், நான் கெஞ்சியும் சாப்பிடாதவர் தட்டை வழித்துச் சாப்பிடுவார். முதல் வாரமே அவரை அப்பா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். "இன்னா அப்பா, இன்னிக்கு மொகம் உம்முனு கீது? பொண்ணு வந்துக்கினு இருக்காங்கன்னா?" என்று என் காதுபடவே கேலி செய்வாள். அவர் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

ஒரு நாள் அவளிடம் கேட்டேன், உங்கள் பக்கம் வயதானவர்களை யார் பார்ப்பார்கள் என்று. "எங்க வூட்ல மாமனாருக்குத் தனிக் குடிசைங்கம்மா, எங்க வூட்டுக்குப் பக்கத்துலயே. தனி அடுப்பு. அவுரு சோறு அவுரு ஆக்கிக்குவாரு. முடியலன்னா ஒரு கொரலு குடுப்பாரு. கூப்புட்டா காதுல வுழணும், அவ்ளோதான். ரொம்பக் கிட்டப் போனா அவுருக்கும் கஷ்டம், எங்களுக்கும் கஷ்டம்." நான் பார்த்த எல்லா இடங்களையும் வைத்துப் பார்த்தால், இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொல்லவில்லை. அன்றைக்கு அதையும் நான் குத்தலாகத்தான் எடுத்துக்கொண்டேன், எனக்குச் சொல்கிறாள் என்று.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. சொல்லாமல் போனேன். வேப்பமரத்தடியில் கட்டில் போட்டு, செல்லி அவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தாள். அவர் கன்னத்தில் சோப்பு நுரையோடு ஏதோ கதை சொல்ல, அவள் கத்தியை எடுத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "உங்கம்மா கதைதான்மா" என்றாள் என்னிடம். கல்யாணமான புதிதில் என் அம்மா கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குக் கிளம்பி, தவறான பஸ்ஸில் ஏறி விழுப்புரம் போய் இறங்கி, அங்கிருந்து அப்பாவுக்கே ஆள் விட்டுச் சொல்லியனுப்பிய கதை. எனக்கு அது தெரியாது. நாற்பது வருடத்துக்கும் மேல் மகளாக இருந்தும் என் அம்மாவைப் பற்றிய ஒரு கதை எனக்குத் தெரியாமல், நேற்று வந்தவளுக்குத் தெரிந்திருந்தது. உள்ளே போய் எதையாவது பிடிக்க வேண்டும் என்று தேடினேன். மாத்திரைப் பெட்டி கிடைத்தது. ஒரு மாத்திரை இரண்டு நாளாக எடுக்கப்படாமல் கிடந்தது.

இரத்த அழுத்தம் ரொம்பக் குறைகிறது, அந்த மாத்திரையை நிறுத்துங்கள் என்று ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவர் சொல்லியிருந்தார். செல்லி அன்றைக்கே எனக்குப் போன் செய்து சொல்லியும் இருந்தாள். நான் சரி என்றேன். எனக்கு ஞாபகம் இருந்தது, தம்பி. ஞாபகம் இருந்துகொண்டே, அந்தப் பெட்டியை அவள் முன்னால் நீட்டி, ஒழுங்காக மாத்திரை தராத ஆள் எனக்கு வேண்டாம் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். "போன்ல சொன்னனேம்மா" என்று ஒரு தடவை சொன்னாள். இரண்டாவது தடவை சொல்லவில்லை. துணிக்கடைப் பை ஒன்றில் புடவைகளை மடித்து வைத்துக்கொண்டு, அவரிடம் போய், "மலைக்குப் போய்ட்டு வந்துர்றேன்ப்பா" என்றாள். உன் மாமாவிடமும், உன்னிடமும், ஊரிலும் நான் சொன்னது ஒரே காரணம்: மாத்திரை ஒழுங்காகத் தருவதில்லை. அடுத்த தெருவில் ஒரு வீட்டில் அவளைக் கேட்டிருந்தார்கள். நான் சொன்னதைக் கேட்டு அவர்களும் விட்டுவிட்டார்கள்.

பிறகு ஏஜென்சியிலிருந்து சீருடையோடு பெண்கள் வந்தார்கள், பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தார்கள், ஒரு படுக்கைப் புண் வரவிடவில்லை, எல்லாவற்றையும் எழுதிவைத்தார்கள். குழாய், ஊசி, கட்டு என்று தேவைப்பட்டால் அவர்கள்தான் வேண்டும். ஆனால் வாரத்துக்கு ஒரு முகம் மாறும். அவர் யாருடைய பெயரையும் கற்றுக்கொள்ளவில்லை. வாசலில் நிழல் ஆடினால், "செல்லி வந்துடுச்சா?" என்பார். இருபது நாளில் போய்விட்டார். அவள் இருந்திருந்தால் இன்னும் இருந்திருப்பார் என்று நான் சொல்லவில்லை, மருத்துவரும் சொல்லவில்லை. அவர் காத்திருந்தார் என்று மட்டும் சொல்கிறேன். கடைசி நாள் என்னைப் பார்த்து, "நீ எப்பம்மா வந்த?" என்றார். நான் நாலு நாளாக அந்தக் கட்டிலுக்குக் கீழேதான் படுத்திருந்தேன்.

இதை இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், போன வெள்ளிக்கிழமை நான் தியாகதுருகம் போனேன். உன் அத்தையைப் பேசிச் சம்மதிக்கவைத்து இல்லத்துக்கு அனுப்பிவிடும் எண்ணத்தில்தான் போனேன். நித்யா கடைக்குப் போயிருந்தாள். "வாங்க சம்பந்தி, குந்துங்க. எழுந்து வர முடியல, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். நான் திருக்கோவிலூரை ஆரம்பித்தேன். அவர் முழுதாகக் கேட்டார். பிறகு சிரித்தார்.

"சென்னைக்கும் வான்றாங்க. பொண்ணு வூட்டுக்குப் போனா ஊர்ல இன்னா சொல்வாங்க சம்பந்தி? கல்யாணத்துல குடுத்த சீரு பத்தலன்னு மாமியாரையும் பார்சல் பண்ணிட்டாங்கன்னு சொல்வாங்க."

என்னையறியாமல் சிரித்துவிட்டேன். அவர் ஜன்னலைக் காட்டினார். "மாப்ள தங்கமானவருதான். டெய்லி போன் பண்ணி, மாத்திர போட்டீங்களா, நடந்தீங்களான்னு கேக்குறாரு. உங்களுக்கு எங்க இருக்கப் புடிக்குதுன்னு மட்டும் இன்னும் கேக்கல. எனக்கு இங்க குந்திக்கினு காலைல ஸ்கூல் புள்ளைங்க போறதப் பாக்கணும். ஒரு புள்ளயாவது டீச்சர்னு ஒரு கொரலு குடுக்கும். அது போதும் எனக்கு. கூட ஒரு ஆளு வேணும், அவ்ளோதான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்கப்பாவ ஒரு மலைக்காரம்மா பாத்துக்கினாங்களே, அவங்க வருவாங்களான்னு நித்யாகிட்ட கேட்டேன். மாத்திர ஒழுங்கா தரமாட்டாங்கன்னு மாப்ள சொன்னாராம். நெசமா சம்பந்தி? எனக்கு ஆறு மாத்திர ஒரு நாளைக்கு, அதான் பயம்."

பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்துவிட்டேன். அவர் வீட்டில் இருப்பதா, ஊரை விட்டுப் போவதா என்பதே என் ஒரு பொய்யின்மேல் நிற்கிறது என்று அவருக்குத் தெரியாது. நீ கேட்ட கேள்விக்கு இப்போது பதில்: உன் அத்தைக்கு நல்ல இடம் அவருடைய வீடு. கூப்பிட்டால் காதில் விழும் தூரத்தில், பெயர் தெரிந்த ஓர் ஆள். குளியலறைக்குக் கைப்பிடியும் வழுக்காத தரையும் உடனே போடு. படுத்துவிடும் நிலை வந்தால் மறுபடி யோசிக்கலாம், அப்போதும் அவரிடம் கேட்டு. என்னைப் பற்றி யோசிக்கும் காலம் வந்தால் என்னிடமும் கேள். இப்போதே இடம் பார்த்து வைத்துவிடாதே.

நாளைக் காலை கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை போகும் முதல் பஸ்ஸில் ஏறுகிறேன். உன் அப்பாவுக்குக்கூடத் தெரியாது. செல்லியின் வாசலில், அவள் வீட்டு ஆட்களின் காதிலும் விழும்படி, மாத்திரை விஷயத்தில் நான் சொன்னது பொய் என்று சொல்லப் போகிறேன். அதற்கு மேல் வேலைக்கு வருகிறாயா என்று கேட்க எனக்கு முகம் இருக்குமா என்று தெரியவில்லை. இருந்தால் கேட்பேன். வரமாட்டேன் என்று சொல்ல அவளுக்கு எல்லா உரிமையும் உண்டு. அப்படிச் சொன்னால், வேறு நல்ல ஆள் கிடைக்கும்வரை தியாகதுருகத்தில் உன் அத்தையின் பக்கத்து அறையில் நான் படுத்துக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறேன். தினமும் நீ போன் செய்வாய். அத்தை இன்றைக்கு எவ்வளவு தூரம் நடந்தார்கள் என்று என்னிடம்தான் கேட்க வேண்டியிருக்கும். எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கும். ஆனாலும் எத்தனை அடி நடந்தாரோ, அத்தனையையும் சொல்வேன்.

அம்மா